72 மேளமும் ஓர் அட்டைக்கட்டும்

வீணை வகுப்புக்குச் சில மாதம் போன பிள்ளை சரளி வரிசையை மூன்று காலத்திலும் தடுமாறாமல் வாசித்துவிடும். வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, “தைவதம் எந்த மெட்டு? தொட்டுக் காட்டு” என்று கேட்டுப் பாருங்கள். ஸட்ஜத்தில் ஆரம்பித்து ஸ ரி க ம ப என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்துதான் விரல் அங்கே நிற்கும். ஏழு பதினாறு எவ்வளவு என்று கேட்டால், வாய்பாட்டை ஓர் பதினாறிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிற அதே கதைதான்.

சரளி வரிசையில் குற்றமில்லை. புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடமுறை இன்றுவரை நிற்பதற்குக் காரணம், அது கையையும் காதையும் சேர்த்துப் பழக்குவதுதான். ஆனால் வரிசையாகப் பதிந்த நினைவு வரிசையாகத்தான் திரும்பி வரும். கல்பனாஸ்வரம் என்று வந்துவிட்டால் எந்த ஸ்வரத்திலும் நேராகப் போய் இறங்க வேண்டும். அந்தத் திறமையைத் தனியாகப் பழக்க ஒரு மலிவான சாதனம் இருக்கிறது: ஃப்ளாஷ் கார்டு. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டினாலே ஒரு கட்டு தேறிவிடும்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது ஆராயப்பட்ட விஷயம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த உடனேயே மறதி வேகமாக இறங்குகிறது; போகப் போக நிதானமாகிறது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதையே திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். விடையைப் பார்ப்பதைவிட அதை நினைவிலிருந்து இழுத்து எடுப்பதுதான் பதிய வைக்கிறது. அட்டையைத் திருப்புவதற்கு முன் வருகிற அந்தச் சில விநாடித் திணறல்தான் பயிற்சி. அவசரப்பட்டுத் திருப்பினால் அட்டை வீண்.

எந்த அட்டையை எப்போது திரும்பப் பார்ப்பது என்பதற்கு செபாஸ்டியன் லைட்னர் 1972இல் ஒரு வழி சொன்னார். ஐந்து அறை உள்ள ஒரு பெட்டி. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். பின்னால் உள்ள அறைகளுக்கு இடைவெளி கூடிக்கொண்டே போகும். கைபேசிச் செயலிகள் செய்வதும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான்.

வீணைக்கு வருவோம். மெழுகில் பதித்த 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12. சாரணித் தந்தியை மெட்டு எதையும் தொடாமல் மீட்டினால் ஸட்ஜம். ஏழாம் மெட்டில் பஞ்சமம், பன்னிரண்டில் மேல் ஸட்ஜம். இடைப்பட்ட மெட்டுகளில்தான் குழப்பம், ஏனென்றால் 12 இடங்களுக்கு 16 பெயர்கள். இரண்டாம் மெட்டு சதுச்ருதி ரிஷபம். அதுவே சுத்த காந்தாரமும். மூன்றாவது ஷட்ச்ருதி ரிஷபமாகவும் இருக்கும், சாதாரண காந்தாரமாகவும் இருக்கும். ஒன்பதிலும் பத்திலும் தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் இதே பங்காளிச் சண்டை. ஆகவே முதல் கட்டு 16 அட்டை: முன்னால் ஸ்வரத்தின் பெயர், பின்னால் மெட்டின் எண். விடையை வாயால் சொன்னால் போதாது. வீணை மடியில் இருக்க வேண்டும், அந்த மெட்டை நேராகத் தொட்டு மீட்டிய பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். கீபோர்டு கற்பவர்கள் மெட்டு என்ற இடத்தில் கட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த கட்டு ராகங்களுக்கு. இங்கே நம் முன்னோர்கள் பாதி வேலையை முடித்து வைத்திருக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் வேங்கடமகி தம் சதுர்தண்டி பிரகாசிகையில் 72 மேளங்களுக்கு, அதாவது தாய் ராகங்களுக்கு, கணக்கு வகுத்தார். பின்னால் வந்தவர்கள் ராகத்தின் பெயரிலேயே அதன் எண்ணை ஒளித்து வைத்தார்கள். கேரளத்து வானியல் நூல்களில் புழங்கிய கடபயாதி முறைதான் சாவி. க, ட, ப, ய நான்கும் 1. அங்கிருந்து வடமொழி நெடுங்கணக்கு வரிசையில் எண்ணிக்கொண்டே போக வேண்டும். ஞ, ந இரண்டும் பூஜ்யம். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் மேள எண். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1. 51ஐத் திருப்பினால் 15. கல்யாணிக்கு ‘மேச’ என்றும், சங்கராபரணத்துக்கு ‘தீர’ என்றும், தோடிக்கு ‘ஹனும’ என்றும் முன்னொட்டு வந்தது அழகுக்கு அல்ல, 65, 29, 8 என்ற எண்களுக்காக.

தமிழில் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. நமக்கு ஒரே ‘க’தான், கடபயாதிக்கு நான்கு. கரகரப்பிரியாவின் முதல் எழுத்தைச் சாதாரணக் ககரமாக எடுத்தால் 1, 2 என்று வந்து 21ஆம் மேளமான கீரவாணியில் கொண்டுபோய் விட்டுவிடும். அது இரண்டாம் ககரம் என்று தெரிந்தால்தான் 22 கிடைக்கும். பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தின் தலைமாட்டில் சின்னதாக 2, 3, 4 என்று போட்டிருப்பார்களே, அந்த வழக்கத்தை அட்டையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண் கிடைத்துவிட்டால் ஸ்வரங்களும் கிடைத்த மாதிரி. ஆறு ஆறு மேளமாக 12 சக்கரங்கள். சக்கரம் மாறினால் ரிஷப, காந்தாரம் மாறும். சக்கரத்துக்குள் இடம் மாறினால் தைவத, நிஷாதம் மாறும். 15 என்பது மூன்றாம் சக்கரத்தில் மூன்றாம் மேளம். கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு. வீணையில் பார்த்தால் 1, 4, 5 என்ற மெட்டுகள். ஒவ்வொன்றோடும் 7 கூட்டினால் 8, 11, 12. தோடி 8, மாயாமாளவகௌளை 15, கரகரப்பிரியா 22, சங்கராபரணம் 29: ஏழு ஏழாக ஏறும் இந்த நான்குக்கும் இது பொருந்தும். கீழே விரல் கற்ற அமைப்பை ஏழு மெட்டு தள்ளி அப்படியே மறுபடி போடலாம். இந்த நான்கு அட்டைகளின் பின்பக்கம் பாதி விடை எழுதினாலே போதும்.

இனி விளையாட்டு. 37ஆம் மேளத்திலிருந்து பிரதி மத்யமம். அதாவது முதல் 36இல் எந்த ராகத்தோடு 36ஐக் கூட்டினாலும், மத்யமம் மட்டும் மாறிய ராகம் வரும். பத்து அட்டைகளில் இந்த ஐந்து ஜோடிகளை எழுதுங்கள்: மாயாமாளவகௌளை–காமவர்த்தனி, நடபைரவி–ஷண்முகப்பிரியா, கரகரப்பிரியா–ஹேமவதி, ஹரிகாம்போஜி–வாசஸ்பதி, சங்கராபரணம்–கல்யாணி. கலைத்து, தரையில் கவிழ்த்து வையுங்கள். ஒருவர் ஒரு முறைக்கு இரண்டு அட்டைகளைத் திருப்பலாம். ஜோடி சேர்ந்தால் அவருக்கு, சேராவிட்டால் மறுபடி கவிழ்க்க வேண்டும். சேர்ந்த ஜோடியை உடனே வாசித்துக் காட்டினால்தான் புள்ளி. வீணையில் ஐந்து ஜோடிக்கும் ஒரே வித்தியாசம்: ஐந்தாம் மெட்டு ஆறாவதாகும். எட்டு வயதுப் பிள்ளையும் பாட்டியும் சமமாக ஆட முடிகிற ஆட்டம் இது. பல வீடுகளில் பாட்டிதான் ஜெயிப்பார்.

தாளத்துக்கும் அட்டை போடலாம். 3 என்றால் தகிட, 4 என்றால் தகதிமி, 5 என்றால் தகதகிட, 7 என்றால் தகிடதகதிமி. ஒருவர் கையில் தாளம் போட, மற்றவர் எண்ணைக் காட்டக் காட்ட, கை நிற்காமல் சொல்லைச் சொல்ல வேண்டும். மிருதங்கம் கற்கிறவர்களுக்குச் சொற்கட்டு வாயில் ஏறிய பிறகுதான் விரலில் ஏறும் என்பதால், இது விளையாட்டு மட்டுமல்ல.

72ஐயும் அட்டையில் எழுதித் தீர்க்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கட்சி. கச்சேரியில் அடிக்கடி கேட்கிற பதினைந்து இருபது மேளங்கள் கைக்கு வந்தாலே மற்றவற்றைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். முழு வரிசையும் காதில் விழ வேண்டுமானால் மகா வைத்தியநாத சிவன் (1844–1893) இயற்றிய 72 மேளராகமாலிகை இருக்கிறது, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவைப் பல முறை கேட்டவர்களுக்கு எந்த ராகத்துக்குப் பிறகு எது என்பது தானாகவே வந்துவிடும்.

அட்டையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். தோடியின் காந்தாரம் மூன்றாம் மெட்டு என்று அட்டை சொல்லும். அந்த மெட்டில் விரலை அசையாமல் வைத்து மீட்டினால் வருவது காந்தாரம்தான், தோடி அல்ல. தந்தியை இழுத்து அசைக்கிற கமகத்தை எந்த அட்டையிலும் எழுத முடியாது. ஆரபியும் தேவகாந்தாரியும் இன்னொரு சிக்கல். இரண்டும் 29இல் பிறந்தவை. ஆரோகணமும் அவரோகணமும் ஒன்றே. அட்டை எழுதினால் இரண்டுக்கும் ஒரே விடைதான் வரும். ஆனால் ஆரபி விறுவிறுப்பாக நடக்கும்; தேவகாந்தாரி நின்று, இழைத்துப் போகும். இந்த இரண்டுக்கும் அட்டை எழுதாதீர்கள். ஆளுக்கொரு கீர்த்தனையாகக் கேட்டுவிட்டு, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பாடம் செய்துகொள்ளுங்கள்.