தராசுக்கு முத்திரை போடுகிறோம், கண்ணுக்கு?



பம்மலில் பருப்பு, மிளகாய் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். வயது அறுபத்தைந்து. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கல்லாவுக்கு வந்தவன். மருத்துவம் படித்தவன் அல்லன். இருந்தும் கண்ணைப் பற்றி எழுதக் காரணம், என் இடது கண்ணில் பாதிப் பார்வை போய்விட்டது. போன பிறகு நான் தெரிந்துகொண்டதை நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாத்திரை சாப்பிடுவேன், கடையில் கூட்டம் என்றால் மறந்துவிடுவேன். ரத்தப் பரிசோதனை எப்போதாவதுதான். கண்ணைப் பற்றிக் கவலையே பட்டதில்லை. கண்ணாடி போட்டால் பில்லில் உள்ள பொடி எழுத்தும் தெரியும். துவரையை ஒரு கை அள்ளினால் வண்டு இருப்பது தெரிந்துவிடும். பிறகென்ன என்று இருந்துவிட்டேன்.

ஒரு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, காலையில் கடை திறக்கும்போது இடது கண் முன்னால் கறுப்பு நூல் போல ஏதோ மிதந்தது. மிளகாய் நெடியாக இருக்கும் என்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். போகவில்லை. "டாக்டரிடம் காட்டிவிடலாம் அப்பா" என்றான் மகன். "சீசன் முடியட்டும்டா" என்றேன். சீசன் முடிந்தது; அந்தக் கண்ணிலும் புகை மூட்டம் வந்து நின்றது.

புரை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், "இது புரை இல்லை ஐயா. விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது. வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது" என்றார். வலது கண்ணை லேசர் சிகிச்சையால் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணில் அறுவை சிகிச்சை செய்தும் பழைய பார்வை திரும்பவில்லை.

புரை வேறு, விழித்திரை வேறு

கண்ணின் முன்பக்கம் உள்ள வில்லை மங்குவது புரை. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தால் பெரும்பாலும் பார்வை வந்துவிடும். விழித்திரை அப்படியல்ல. அது கண்ணின் பின்சுவரில் மெல்லிய தாள் போல ஒட்டியிருக்கிறது. ஒளியை வாங்கி நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புவது அதுதான். கண்தானத்தில் கிடைக்கும் கண்ணிலிருந்துகூட முன்பக்கக் கருவிழியைத்தான் பொருத்துகிறார்கள். விழித்திரையை மாற்ற வழியில்லை.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் நைந்துபோகின்றன. நைந்த சாக்கில் சரக்கு சிந்துவது போல அவற்றிலிருந்து நீரும் ரத்தமும் கசிகின்றன. நடுப்பகுதி வீங்கினால் எழுத்து மங்கும். சில குழாய்கள் அடைபட்டுப் போக, அவற்றுக்கு ஈடாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை, சட்டென்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். முற்றினால் விழித்திரையே சுவரை விட்டுப் பிரிந்துவிடும்.

இத்தனையும் நடக்கும்போது வலி கிடையாது. நெடுநாள் வரை பார்வையும் குறையாது. நான் ஏமாந்தது இங்கேதான். லேசரும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் இருப்பதைக் காக்கவே உதவும். போனதை முழுதாக மீட்டுத் தருவது அரிது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சென்னையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை உள்ள நூறு பேரில் 17, 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு காணப்பட்டது. நம் தொழிலை எண்ணிப் பாருங்கள். விடிவதற்குள் கடை, நேரம் தவறிய சாப்பாடு, நாள் முழுக்க உட்கார்ந்த இடம், ஆளுக்கு ஆள் வாங்கித் தரும் டீ. சர்க்கரைக்கு இதைவிட நல்ல வரவேற்பு வேண்டுமா?

ஆண்டுக்கு ஒரு முறை

மின்னணுத் தராசு சரியாகத்தான் காட்டுகிறது என்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஆண்டுதோறும் முத்திரை போடுகிறோம். கண்ணும் அப்படித்தான். சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது, விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே பார்க்க வேண்டும். மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று வண்டி ஓட்டாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அரை நாள் வியாபாரம்தான் போகும்.

போகுமிடம் தொலைவிலும் இல்லை. நமது பம்மலிலேயே சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர். அங்கே 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை. விழித்திரை நிபுணரான டாக்டர் பத்ரிநாத் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவும் சென்னையில்தான். 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகமே வந்து பார்க்கும் நிறுவனம். இவ்வளவு வசதி உள்ள ஊரில் இருந்துகொண்டு கண்ணை இழப்பது நம் தவறே.

காத்திருக்கக் கூடாதவை

கண் முன்னால் திடீரென்று கறுப்புப் புள்ளிகளோ நூலோ மிதந்தாலும், மின்னல் போல வெளிச்சம் அடித்தாலும், ஒரு பக்கம் திரை இறங்குவது போல் மறைத்தாலும், நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சர்க்கரை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். மற்றபடி சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுப்பாட்டில் வைப்பதும், புகைப்பதை விடுவதும்தான் விழித்திரைக்குக் காவல்.

சென்ற வாரம் சரக்கு எடுக்க வந்த சில்லறைக் கடைத் தம்பி ஒருவர், "கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு அண்ணாச்சி. ஆடி போகட்டும், பார்க்கலாம்" என்றார். அன்று அவருக்குச் சரக்கு போடவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். சரக்கு மறுநாள் போயிற்று.

என் டைரியில் தராசு முத்திரைத் தேதிக்குக் கீழே இப்போது கண் பரிசோதனைத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் இன்றே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டம்மாவின் தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.