எந்தக் காசை நீங்கள் எடுப்பீர்கள்?



இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் பிள்ளை மடுவத்தில் எமது சிறுசேமிப்புக் குழுவின் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கணக்கு வாசித்து முடிந்ததும் பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "மிஸ், என் சேமிப்புல 15,000 ரூபா எடுக்கணுங்க" என்றார். எதற்கென்று கேட்டேன். சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு காசை எடுத்துக் காட்டினார்.

அது 5 ரூபாக் காசு. 1981 ஆம் ஆண்டு என்று பொறித்திருந்தது. பழைய காசு வாங்குகிறோம் என்று யாரோ தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள். படம் அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு, "10 இலட்சம் தருவோம், பதிவுக் கட்டணமாக 15,000 ரூபா முதலில் போடுங்கள்" என்றார்களாம்.

அந்த அக்காவின் குடும்பம் இதே தோட்டத்து லயத்தில் வாழ்ந்ததுதான். 1977 கலவரத்தில் வவுனியாவுக்குப் போனார்கள். அங்கே வளர்ந்து வன்னியில் திருமணம் செய்தவர், 2009 இல் கணவரை இழந்து, இரண்டு பிள்ளைகளோடு மாமா வீட்டு லயக் காம்பிராவுக்கே திரும்பி வந்தார். கழுத்திலும் காதிலும் இருந்ததெல்லாம் வழியிலேயே போய்விட்டது. மிஞ்சியது இந்தக் காசுதான். 10 இலட்சம் என்ற சொல் அவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. ஆகவே உடனே "ஏமாற்று" என்று சொல்லி அவரை உட்காரவைக்க மனம் வரவில்லை. ஒரு கிழமை தவணை கேட்டேன்.

சமூகவியல் படித்த எனக்கு நாணயங்களைப் பற்றி அதிகம் தெரியாது. நாணயம் சேர்க்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் போனேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: காசு பழையது என்பதாலேயே விலை ஏறாது. எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எவ்வளவு தேய்ந்திருக்கிறது, அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பவைதான் விலையைத் தீர்மானிக்கும். 1981 இன் 5 ரூபா பெருந்தொகையாக வெளிவந்த காசு. இலட்சங்களுக்குப் பேச்சே இல்லை.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது அக்காவின் முகம் வாடிப்போனது. ஆனால் 15,000 ரூபா குழுவிலேயே இருந்தது. எத்தனை பேர் போட்டுச் சேர்த்த பணம் அது!

பின்பு நான் ஒரு விளையாட்டைத் தொடங்கினேன். "நீங்களெல்லாம் காசு சேர்க்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள தொகைக்கு எந்தக் காசை எடுப்பீர்கள்?" ஆசிரியர் தந்த படங்களைப் பாயில் பரப்பினேன்.

முதற்படி, ஒரு பேருக்குள், அதாவது ஒருநாட் சம்பளத்துக்குள் வாங்கக்கூடியவை. சதுரமான பழைய 5 சதம், பூவிதழ்போல் விளிம்பு வளைந்த 2 சதம், 1957 இல் புத்த ஜயந்திக்காக வெளியிட்ட 1 ரூபா, 1976 இல் அணிசேரா மாநாட்டுக்காக வெளியிட்ட காசுகள். பிள்ளைகள் தொடங்க இவை போதும்.

இரண்டாம் படி, சில நாட் பேருக்கு வருபவை. 1870 ஆம் ஆண்டின் விக்டோரியா மகாராணி காலத்துச் செப்புச் சதங்கள் இதில் சேரும். ஒருபுறம் ராணியின் தலை, மறுபுறம் ஒரு பனை இன மரம், அதன் பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் எழுத்து. "அந்தக் காலத்துலயே நம்ம எழுத்து இருந்திச்சா?" என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சி வியந்தார்.

மூன்றாம் படி, பல நாட் பேர் சேர்த்தால்தான் எட்டும். இதிலே எங்களுடையது ஒன்று உண்டு. கோப்பிக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாட்டினால் தோட்டங்களும் கொழும்புக் கோப்பி ஆலைகளும் தாங்களே உலோக வில்லைகளை அடித்துக் கூலியாகக் கொடுத்தன. கொழும்பு ஹல்ஸ்டோர்ப் ஆலையின் வில்லையில் 19 சதம் என்று பொறித்திருக்கிறது. 1869 இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அதற்குப் பிறகு கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அன்று நம் பாட்டிமார் உள்ளங்கையில் வாங்கிய கூலி வில்லையை இன்று செல்வந்தர்கள் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்கள்.

நான்காம் படி கனவுக் காசுகள். 1821 இல் அடித்த, யானை பொறித்த வெள்ளி ரிக்ஸ்டொலர் ஒன்று. பிரித்தானியப் பொற்காசான சவரின் இன்னொன்று. அதன் எடை 7.98 கிராம். நாம் இன்றும் தங்கத்தை அளக்கும் "பவுண்" அந்தக் காசிலிருந்து வந்ததுதான். உலகத்திலேயே பெரிய கனவு அமெரிக்காவின் 1933 ஆம் ஆண்டு 20 டொலர் பொற்காசு. 2021 இல் நியூயோர்க் ஏலத்தில் அது ஏறத்தாழ 18.9 மில்லியன் டொலருக்குப் போனது. "அத வாங்கி எங்க வைக்கிறது? லயத்துல பூட்டே சரியில்ல!" என்றொரு குரல் வர எல்லோரும் சிரித்தார்கள்.

கடைசியாக ஒரு படத்தைக் கையில் எடுத்தேன். பொலன்னறுவையை ஆண்ட லீலாவதி அரசியின் செப்புக் காசு. பராக்கிரமபாகு மன்னனின் மனைவியான அவர், கணவன் இறந்த பின் 1197 க்கும் 1212 க்கும் இடையில் மூன்று முறை அரியணை ஏறினார், இறக்கப்பட்டார், மீண்டும் ஏறினார். காசில் "ஸ்ரீ ராஜ லீலாவதி" என்றே பொறித்திருக்கிறது. ராணி என்றல்ல, ராஜ என்று. கூட்டத்தில் பாதிப்பேர் துணையை இழந்தவர்கள். அந்தப் படம் கைமாறிக் கைமாறிப் போய் வெகுநேரம் என்னிடம் திரும்பி வரவில்லை.

சகோதரிகளே, சில விடயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய காசைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். மேலே படிந்த நிறம் போனால் விலையும் போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுத்து, காய்ந்த கடதாசியில் சுற்றி வையுங்கள்.

பழைய இரும்பு, பித்தளை வாங்க வருபவரிடம் நிறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விபரம் தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டி விசாரியுங்கள்.

உங்கள் பொருளை வாங்குகிறவர் உங்களுக்குத்தான் பணம் தரவேண்டும். முதலில் உங்களிடம் கட்டணமோ வரியோ கேட்டால் அது ஏமாற்று. இந்தியாவிலும் இந்த மோசடி பரவியதால் 2021 ஆகஸ்டில் அங்குள்ள ரிசேர்வ் வங்கியே மக்களை எச்சரித்தது. தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விபரங்களையும் அனுப்பாதீர்கள்.

தோட்டத்தில் மண் கொத்தும்போதோ மாணிக்கக் குழியிலோ பழங்காசு கிடைத்தால் மறைக்கவோ விற்கவோ வேண்டாம். 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்களுக்குத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உண்டு. பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். லீலாவதி காசும் அந்தக் காலத்துக்குரியதே. அதுபோன்ற பழங்காசுகளை நூதனசாலையில் பார்த்து மகிழ்வதே நல்லது.

இனி அந்த அக்காவின் காசுக்கு வருகிறேன். 1931 இல் இந்நாட்டில் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வஜன வாக்குரிமை கிடைத்ததன் 50 ஆண்டு நிறைவுக்காக 1981 இல் வெளியிட்ட காசு அது. ஆனால் 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தினால் மலையக மக்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களாகி, வாக்கையும் இழந்திருந்தார்கள். 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களோடுதான் அந்தக் குறை தீர்ந்தது. வாக்குரிமையைக் கொண்டாடிய காசு, வாக்கில்லாத ஒரு தகப்பனின் கைக்குக் கூலியாக வந்திருக்கிறது.

இதைச் சொன்னதும் அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை. "அப்பா 86 ல செத்தாருங்க. ஒரு தடவகூட வோட்டு போட்டதில்ல. இத செலவழிக்காம ஏன் வச்சிருந்தாருன்னு அம்மாவுக்கும் தெரியல" என்றார்.

பாயில் இருந்த படங்களில் எதை எடுப்பீர்கள் என்று அவரிடமும் கேட்டேன். லீலாவதியை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் 5 ரூபாவை எடுத்து முந்தானையில் பழையபடி முடிந்துகொண்டார்.

"இது மூத்தவளுக்குங்க. அடுத்த எலெக்சன்ல அவளுக்கு முதல் வோட்டு."