விளக்கேந்திய பெண்

மைசூர் நகரின் பழைமையான மாளிகைகளுள் ஒன்று ஜகன்மோகன் அரண்மனை. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இதனை 1861ஆம் ஆண்டு கட்டினார். 1897இல் மன்னர்கள் வாழ்ந்த மர அரண்மனை தீக்கிரையாயிற்று. புதிய அரண்மனை 1912இல் கட்டி முடிக்கப்படும்வரை அரச குடும்பத்தினர் இங்கேயே தங்கினர். பின்னர், 1915இல் இம்மாளிகை ஓவியக்கூடமாக மாறியது. அரச குடும்பம் வாழ்ந்த இடத்தில் இன்று பொதுமக்கள் ஓவியங்களைக் கண்டு மகிழ்கின்றனர்.

இங்குள்ள ஓர் ஓவியத்தின்முன் கூட்டம் குறைவதே இல்லை. இளம்பெண் ஒருத்தி ஒரு கையில் விளக்கை ஏந்தி, மறு கையால் சுடரை மறைத்து நிற்கிறாள். விரல்களின் ஊடே ஒளி செந்நிறமாய்க் கசிகிறது. இது நீர்வண்ண ஓவியம். எண்ணெய் வண்ணத்தில் இருளின்மேல் ஒளியைத் தீட்டலாம். நீர்வண்ணத்திலோ, ஒளிபெற வேண்டிய இடத்தை முன்னரே எண்ணி, வெளிர் நிறமாக விட்டுவைத்தல் வேண்டும்.

இக்கூடத்தில் இரவிவர்மாவின் ஓவியங்களும் உள்ளன. ஆதலால், இதனையும் அவர் வரைந்ததாகவே பலர் கருதுகின்றனர். ஆனால், இரவிவர்மா 1906இல் மறைந்தார். இவ்வோவியமோ அதன்பின் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்துத் தோன்றியது. இதனை வரைந்தவர் மகாராட்டிர ஓவியர் எஸ். எல். ஹல்தங்கர். தம் மகளையே விளக்குடன் நிற்கச் செய்து அவர் இதனைத் தீட்டினார்.

மாணவர்களே! ஓவியத்தைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதன் அருகிலுள்ள பெயர்ப்பலகையையும் படியுங்கள். உழைத்தவரின் பெயரை அறிந்து சொல்வதே அவருக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.