கம்பியில்லா சார்ஜர்: அம்மாவுக்கு வரம், எனக்கு வம்பு

காலை நிகழ்ச்சி படைப்பவர்களின் பிழைப்பு ஓர் அலாரத்தை நம்பி ஓடுகிறது. எனக்கு அது 4.15 மணி. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கண் விழித்தபோது சன்னல் திரையில் வெளிச்சம் தெரிந்தது. பார்த்த நொடியிலேயே வயிற்றைக் கலக்கிவிட்டது. சிங்கப்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடியும். என் நிகழ்ச்சி ஆறு மணிக்கு.

கைப்பேசி கட்டிலருகே இருந்த வட்டமான கம்பியில்லா சார்ஜர்மேல்தான் கிடந்தது. முக்கால்வாசி அதன்மேல், கால்வாசி வெளியே. முதல் நாள் இரவு வெறும் 6 விழுக்காட்டோடு அதை அங்கே வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அத்தை மகள் கல்யாணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் சேலை நிறம் பற்றி நள்ளிரவு வரை விவாதம். நான் ஒலியை நிறுத்தியிருந்தேன், அதிர்வை நிறுத்தவில்லை. ஒவ்வொரு செய்திக்கும் கைப்பேசி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒரு கட்டத்தில் சார்ஜ் ஏறுவதே நின்றுபோய்விட்டது. அலாரம் அடிக்க வேண்டிய நேரத்தில் அதற்கு உயிரே இல்லை.

அன்று எனக்குப் பதிலாக நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்த சக படைப்பாளருக்கு இன்னும் நான் காலைப் பசியாறல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கோபத்தில் அந்தச் சார்ஜரைக் குப்பையில் போட்டிருப்பேன். போடாததற்குக் காரணம், ஈசூனில் தனியாக இருக்கும் என் அம்மா.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவே அரை மணி நேரம் ஆகும். கைப்பேசியின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஓட்டையில் கம்பியின் முனையைச் செருகுவது நமக்கு ஒரு வேலையே இல்லை. அவருக்கோ ஒரு கையால் கைப்பேசியைப் பிடித்து, மறு கையின் இரண்டு விரல்களால் முனையைப் பிடித்து, நேராக அழுத்த வேண்டும். பல நாள் பாதிதான் உள்ளே போகும். போய்விட்டது என்று நினைத்துப் படுத்துவிடுவார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை பதினொரு மணியிலிருந்து அவரது கைப்பேசிக்கு அழைப்பு போகவே இல்லை. ஒரு மணி வரை பொறுத்தேன். இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டு மக்சிக்கை அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. மூன்று மணிக்கு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். மின்தூக்கியில் பதினொரு மாடி ஏறுவதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன். கதவைத் திறந்த அம்மாவின் கையில் பாதி நறுக்கிய கங்கோங் கீரை.

“போனா? ராத்திரி சொருகித்தானேம்மா வச்சேன்!”

பழுது பார்க்கும் கடைக்காரர் ஊசியால் அந்த ஓட்டையிலிருந்து பஞ்சுத் துணுக்குகளை எடுத்துக் காட்டினார். மாதக்கணக்கில் கோணலாகச் செருகியதில் உள்ளே இருந்த நாக்கும் வளைந்திருந்தது. “ஆன்ட்டிக்கு ஒயர்லெஸ் வாங்கிக் கொடுங்க” என்று அவர்தான் சொன்னார். அதன்பின் நான் வாங்கிய இரண்டில் ஒன்று அம்மா வீட்டுக்குப் போனது, மற்றொன்று என் கட்டிலருகே வந்தது. ஒரே தொழில்நுட்பம் அங்கே ஒரு மாதிரியும் இங்கே வேறு மாதிரியும் நடந்துகொண்டது. ஏன் என்று தேடிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

பெயரைக் கேட்டு இது வானொலி போன்றது என்று பலர் நினைக்கிறார்கள். “உங்க ஸ்டேஷன் மாதிரி காத்துலயா வருது?” என்று பெரியப்பாகூடக் கேட்டார். இல்லை. சார்ஜருக்குள் தட்டையாகச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. கைப்பேசியின் முதுகுக்குள் இன்னொன்று. கீழே உள்ள சுருளில் நொடிக்கு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடும்போது, மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப்புலம் உருவாகிறது. அந்தக் காந்தப்புலம் மேலே உள்ள சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. குளியலறையில் நிற்கும் மின்சாரப் பல்துலக்கி பல காலமாக இப்படித்தான் சார்ஜ் ஆகிறது. வானொலி அலை ஊரைத் தாண்டிப் போகும். இந்தக் காந்தப்புலமோ சில மில்லிமீட்டருக்கே சரியாக வேலை செய்யும், தூரம் கூடக்கூட வேகமாகத் தேய்ந்துவிடும்.

இதற்கான பொதுத் தரத்தின் பெயர் ‘சீ’. உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல். நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. 2012ல் நோக்கியா லூமியா 920ல் வந்தது, 2017ல் ஐபோன் 8, ஐபோன் எக்ஸ் இரண்டிலும் ஆப்பிள் சேர்த்த பிறகுதான் காப்பிக்கடை மேசைவரை பரவியது.

சிக்கல் அந்தச் சில மில்லிமீட்டரில்தான். இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினால் மின்சாரம் குறைவாக ஏறும், மீதி வெப்பமாக வீணாகும். இன்னும் விலகினால் என் செவ்வாய்க்கிழமைதான். எங்கே வைத்தாலும் சார்ஜ் ஆகும் அகலமான பலகை ஒன்றை 2017 செப்டம்பரில் ஏர்பவர் என்ற பெயரில் ஆப்பிள் நிறுவனமே அறிவித்தது. 2019 மார்ச்சில், தன் தரத்துக்கு அது வரவில்லை என்று சொல்லிக் கைவிட்டது. ஆப்பிளையே அலைக்கழித்த விஷயம் என் படுக்கையறையில் ஒழுங்காக நடக்கும் என்று நான் நம்பியது பேராசை.

வேகத்தை நானே சோதித்துப் பார்த்தேன். என் மூன்று வயதுக் கைப்பேசி 20 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏற, கம்பியில் 40 நிமிடம் ஆனது. வட்டப் பலகையில் ஒன்றே முக்கால் மணி நேரம். புதிய கைப்பேசிகளிலும் இடைவெளி இருக்கவே செய்கிறது. சாம்சுங் கேலக்சி எஸ்25 அல்ட்ரா கம்பியில் 45 வாட் வரை வாங்கும், கம்பியில்லாமல் 15 வாட்தான். பெட்டியில் ‘15 வாட்’ என்று அச்சடித்திருப்பதை நம்பியும் ஏமாறக்கூடாது. கைப்பேசியும் சார்ஜரும் ஒத்துப்போகாவிட்டால் பாதி வேகம்கூட வராது. பல பெட்டிகளில் சுவரில் செருகும் அடாப்டர் இருக்காது. அலமாரியில் கிடக்கும் பழைய 5 வாட் அடாப்டரை எடுத்து மாட்டிவிட்டு, “இது ரொம்ப ஸ்லோ” என்று சார்ஜரைத் திட்டுபவர்களில் நானும் ஒருத்தி.

மின்கட்டணம் ஏறுமே என்ற கவலை வேண்டாம். 5,000 மில்லிஆம்பியர்மணி பேட்டரியில் ஏறக்குறைய 19 வாட்மணி மின்சாரம் கொள்ளும். தினமும் காலியிலிருந்து முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு 7 யூனிட். கம்பியில்லாமல் ஏற்றும்போது முப்பது விழுக்காடு வீணாகிறது என்று வைத்தாலும் கூடுதலாக 3 யூனிட் ஆகும். யூனிட் 30 காசு என்று கணக்கிட்டால், ஆண்டு முழுவதற்கும் ஒரு வெள்ளிகூட வராது. ஒரு தே தாரிக் அதைவிட விலை.

நான் கவலைப்படுவது அந்த வீணாகும் மின்சாரம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி. அது வெப்பமாகிறது, அதுவும் கைப்பேசியின் முதுகிலேயே. லித்தியம் அயன் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. சூட்டிலேயே இருந்தால் சீக்கிரம் முதுமை தட்டிவிடும். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 35 பாகைவரை என்கிறது ஆப்பிள். நம் ஊரில் குளிர்சாதனம் இல்லாத அறையே 30 பாகையைத் தொட்டுவிடுகிறது. அதன்மேல் தடித்த உறை, அதன் பின்னே உலோக வளையம், அடியில் சூடாகும் பலகை. கைப்பேசி ரொம்பச் சூடானால் 80 விழுக்காட்டோடு தானே நின்றுகொள்ளவும் கூடும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். உறையைக் கழற்றுங்கள், மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வையுங்கள். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, நண்பகல் வெயிலில், வழிகாட்டிச் செயலி ஓட ஓட இதில் சார்ஜ் போடுவது கைப்பேசிக்கு நாம் செய்யும் கொடுமை.

உறைக்குப் பின்னால் ஈஸி-லிங்க் அட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கைப்பேசிக்கும் சார்ஜருக்கும் நடுவே வங்கி அட்டை, அலுவலக அனுமதி அட்டை, கடப்பிதழ் எதுவும் இருக்கக்கூடாது என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. காந்தப் பட்டையோ சில்லோ பழுதாகலாம். எம்ஆர்டி நுழைவாயிலில் அட்டை வேலை செய்யாமல், பின்னால் வரிசை நிற்க, அசடு வழிய வேண்டியிருக்கும்.

என் வட்டப் பலகைக்குப் பரிகாரம் காந்தம். 2020ல் ஐபோன் 12உடன் ஆப்பிள் கொண்டுவந்த மேக்சேஃப், சுருளைச் சுற்றி வளையமாகக் காந்தங்களை வைத்து, கைப்பேசியைச் சரியான இடத்தில் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ள வைத்தது. அதே காந்த முறையை அடிப்படையாகக் கொண்டு 2023ல் ‘சீ2’ தரம் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் மெல்ல அந்தப் பக்கம் வருகின்றன. சிலவற்றுக்குக் காந்தம் வைத்த உறை வாங்க வேண்டும். ஒட்டிக்கொண்டது நகராது. எத்தனை அத்தை மகள் கல்யாணம் வந்தாலும் சரி.

உற்சாகத்தில் ஈசூனுக்கும் ஒன்றைக் கொண்டுபோனேன். அம்மா ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டுவது சுலபமாக இருந்தது, பிரிப்பதுதான் முடியவில்லை. ஒரு கையால் கைப்பேசியைத் தூக்கினால் சார்ஜரும் சேர்ந்தே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு இழுக்க இன்னொரு கை வேண்டும். இரண்டு விரல்களில் பலம் வேண்டும். எந்த வேலையைக் குறைக்க வாங்கினோமோ அதே வேலை.

பழைய சாய்வுத் தாங்கியையே மறுபடி வைத்தோம். கீழே சிறு விளிம்பு இருப்பதால், கைப்பேசியைச் சாய்த்து வைத்தாலே சுருள் நேராக நின்றுவிடுகிறது. காந்தம் இல்லை. தூக்கினால் வந்துவிடுகிறது. வீடியோ அழைப்பில் அம்மாவின் மோவாய்க்குப் பதில் இப்போது முகம் தெரிகிறது.

பெரியப்பாவும் கேட்டார். அவருக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. கைப்பேசி எப்போதும் சட்டைப் பையில், சரியாக நெஞ்சுக்கு நேரே. ஐபோனையும் மேக்சேஃப் கருவிகளையும் இத்தகைய மருத்துவச் சாதனங்களிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் என்கிறது ஆப்பிளின் வழிகாட்டி. மேசையில் இருக்கும் தாங்கி என்றால் தூரம் காக்கலாம். ஆனால் காந்த பவர் பேங்கை முதுகில் ஒட்டி அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். “டாக்டரைக் கேட்காம வேணாம் பெரியப்பா” என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பழைய கம்பியே இருக்கிறது. கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.

பவர் பேங்க் என்றதும் ஒன்று. சென்னைக்குப் பறக்கும்போது அதைக் கைப்பேசியின் முதுகில் ஒட்டிக்கொண்டு படம் பார்ப்பவர்கள் உண்டு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல், விமானத்துக்குள் பவர் பேங்க் மூலம் சார்ஜ் செய்வதற்குத் தடை விதித்துள்ளது.

வாங்குவதாக இருந்தால் ‘சீ’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். நடுவே ஒரு நாணயமோ சாவியோ மாட்டிக்கொண்டால் கண்டுபிடித்து நிறுத்தும் ஏற்பாடு தரச்சான்று பெற்றவற்றில் இருக்கும். இல்லாதவற்றில் அந்த நாணயம் கையைச் சுடும். சுவர் அடாப்டரில் சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் இருக்க வேண்டும். இரவுச் சந்தையில் ஐந்து வெள்ளிக்குக் கிடைப்பதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்க எனக்குத் துணிவில்லை.

நானோ இரவில் கம்பிக்கே திரும்பிவிட்டேன். காந்தச் சார்ஜர் அலுவலக மேசையில் இருக்கிறது, கூட்டங்களுக்கு நடுவே ஒட்டி எடுக்க வசதி. அம்மாவின் கைப்பேசிதான் இப்போது எங்கள் குடும்பத்திலேயே எப்போதும் 100 விழுக்காட்டில் நிற்கும் கைப்பேசி. என் செவ்வாய்க்கிழமைக் கதையை யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நாலரை மணிக்கு விளக்கேற்றும் முன்பு தாங்கியிலிருந்து அதை எடுத்து எனக்கு அழைக்கிறார்.

“எந்திரிச்சிட்டியாம்மா?”

எழுந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆனாலும் இப்போதுதான் எழுந்தேன் என்கிறேன்.