கூலியும் நாளும் – 9: நீக்கவில்லை, கூப்பிடவில்லை

2020 மே 5 அன்று சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அதற்கு முன்பே அங்கே மூட்டை தூக்கியவர்களும் கடைகளில் நின்றவர்களும், காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லாரிகளில் ஏறி ஊர் வந்து சேர்ந்திருந்தார்கள். விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் கொரோனா தொற்று எண்ணிக்கை சில நாள்களில் எகிறியது. கிராமம் கிராமமாக அதிகாரிகள் போய், கோயம்பேட்டிலிருந்து வந்தவர் யார் யார் என்று விசாரித்தார்கள். வாய் திறக்காதவர்களும் இருந்தார்கள். பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களைத் திட்டாதவர் அன்று குறைவு. ஆனால் பெயரைக் கொடுத்தால் பதினான்கு நாள் வாசல் தாண்ட முடியாது, பதினைந்தாம் நாள் வேலை இருக்குமா என்பதற்கோ யாரும் பதில் சொல்லமாட்டார்கள். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்த மனிதர் வாயை மூடிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

சட்டம் அவரிடம் பேசிய தொனியையும் பாருங்கள். தொற்று பரவ இடம்கொடுக்கும் அலட்சியத்துக்கு அன்று நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 269-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனிமைப்படுத்தல் விதியை மீறினால் 271-ஆம் பிரிவில் அதே ஆறு மாதம். பல ஊர்களில் வாசலில் தகரமே அடித்தார்கள். இதெல்லாம் வீட்டுக்குள் இருக்க வேண்டியவருக்கு.

முதலாளிக்கு? மார்ச் 20-ல் மத்திய தொழிலாளர் அமைச்சகம் ஓர் அறிவுரை அனுப்பியது: யாரையும் வேலையைவிட்டு எடுக்காதீர்கள், சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று. அறிவுரைதான். மார்ச் 29-ல் உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உத்தரவாகவே போட்டது: ஊரடங்கில் மூடிய நிறுவனங்கள் உரிய நாளில், பிடித்தம் இல்லாமல் கூலி தர வேண்டும். மே 18 முதல் அந்த உத்தரவு இல்லாமல் போயிற்று. ஜூன் 12-ல் உச்ச நீதிமன்றம், கூலி தராத நிறுவனங்கள்மீது இப்போதைக்குக் கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. ஒப்பந்தக்காரரின் கைப்பேசி எண்ணைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத ஒருவர் எந்தத் தரப்போடு உட்கார்ந்து பேசுவார்?

திண்டிவனம் மேம்பாலத்தடியில் விடிவதற்கு முன் நின்று பார்த்தால் இது புரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு என்று கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் இடம் அது. ஏறுபவர்களில் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள். இவர்களை யாரும் வேலைநீக்கம் செய்வதில்லை. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, கடிதம் இல்லை. "இப்ப வேலை இல்ல, வந்தா கூப்பிடுறேன்" என்று ஒரு வரி. பிறகு போன் எடுக்கமாட்டார்கள். ஒருவரை நீக்கினால் கேள்வி கேட்கத்தான் சட்டம் இருக்கிறது. கூப்பிடாமல் விட்டதற்கு எந்தப் பிரிவின்கீழ் மனு போடுவது?

2020-ல் இந்தப் பாதைக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஓங்கூரைத் தாண்டினால் செங்கல்பட்டு மாவட்டம். இ-பாஸ் இல்லாமல் தாண்ட முடியாது. ஆகஸ்ட் முடியும்வரை அதுதான் நிலை. காய்ச்சலே வராதவர்கூட வேலைக்குப் போக அனுமதிக்குக் காத்திருந்த காலத்தில், காய்ச்சல் வந்தவர் அதை வெளியே சொல்வாரா?

அம்மை கண்டால் நம் பக்கத்தில் இந்தச் சிக்கல் வருவதில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் போதும், மருத்துவச் சான்று கேட்க ஆள் இல்லை. "தண்ணி ஊத்திட்டு வாப்பா" என்று கடை முதலாளியே சொல்லிவிடுவார். மூன்று தண்ணீர் ஊற்றி முடிய எத்தனை நாள் ஆனாலும் அந்த இடத்தில் வேறு ஆளைப் போடத் தயங்குவார். மாரியம்மன் விஷயம் ஆயிற்றே. கூலி அப்போதும் கிடையாதுதான். ஆனால் இடம் பத்திரமாக இருக்கும். கொரோனாவுக்கு வாசலில் அடித்த தகரத்துக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்த நாள்கள் சிறப்புத் தற்செயல் விடுப்பு ஆயின. அதே தெருவில் பேருந்து நிலையக் கடையில் நிற்பவருக்கு அவை வெறும் வராத நாள்கள்.

அவருக்கு எதுவுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. நோய்க்காக ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் வரை ஊதியத்தோடு விடுப்பு. அது போகத் தற்செயல் விடுப்பு பன்னிரண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமில்லாமல் அனுப்பக் கூடாது; அனுப்பினாலும் ஒரு மாத நோட்டீஸ், அல்லது அந்த மாதச் சம்பளம். இதைச் சொன்னால் ஜவுளிக்கடையிலும் பாத்திரக்கடையிலும் நிற்பவர்கள் சிரிப்பார்கள். சேர்ந்த தேதிக்கே தாள் இல்லாதபோது ஆறு மாதத்தை எங்கிருந்து எண்ணுவது? உட்கார நாற்காலி வேண்டும் என்பதையே 2021-ல்தான் இந்தச் சட்டத்தில் சேர்க்க முடிந்தது.

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர் நிலை கொஞ்சம் மேல். 2020-ல் இருந்த விதிப்படி சம்பளம் மாதம் 21,000 ரூபாய்வரை இருக்கலாம்; தொழிலாளியிடம் பிடிப்பது 0.75 சதவீதம். 15,000 வாங்குபவருக்கு 113 ரூபாய். நோயில் படுத்தால் சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாகக் கிடையாது. இதைவிடப் பெரியது அன்றைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு: அந்தத் தொகை வாங்கும் காலத்தில் முதலாளி அவரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. நம் தொழிலாளர் சட்டங்களில் நோயாளியின் வேலைக்கு இவ்வளவு நேரடியாகக் காவல் நிற்கும் வரிகள் அதிகம் இல்லை.

ஆனால் தொகை வாங்கத் தகுதி வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா சேர்ந்திருந்தால், அதன் பயன் அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அதாவது 2020 மே மாதம் படுத்தவருக்கு 2019 கோடையில் தொடங்கிய கணக்கைப் பார்ப்பார்கள். தீபாவளிக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு மாதாமாதம் பிடித்தம் உண்டு, படுத்தால் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் 73-ஆம் பிரிவின் காவலும் அவருக்கு எட்டாது. ஒப்பந்தக்காரர் பிடித்ததைக் கட்டினாரா என்பது தனிக்கதை. முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் படுத்துக்கொண்டு அதைத் துருவ முடியாது.

இத்தனையும் தாண்டிக் குணமாகி வந்தவரை கேட்டில் நிறுத்தி 'நெகட்டிவ் ரிப்போர்ட்' கேட்ட இடங்கள் உண்டு. 2020 மே 8-ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம் விதியை மாற்றிவிட்டது. லேசான தொற்றானால் அறிகுறி தொடங்கிப் பத்து நாள் ஆகி, மூன்று நாள் காய்ச்சல் இல்லாதிருந்தால் பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். பிறகு ஏழு நாள் வீட்டில் தனிமை. குணமான பிறகும் ஆர்.டி.பி.சி.ஆர். வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டக்கூடும் என்பதால் அந்தச் சீட்டைக் கேட்பதில் மருத்துவ அர்த்தமும் குறைவு. அரசு மருத்துவமனையில் தேவையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கேட்டிலோ சீட்டு இல்லாமல் விடவில்லை. மிச்சம் தனியார் ஆய்வகம். 2020 ஜூனில் தமிழக அரசு அதற்கு நிர்ணயித்த உச்சக் கட்டணம் 3,000 ரூபாய். 15,000 வாங்குபவருக்கு அது ஆறு நாள் சம்பளம். சீட்டில் பாசிட்டிவ் என்று வந்தால் சில நாள் கழித்து இன்னொரு 3,000.

(தொடரும்)