பூஞ்சணம் உடம்புக்குள் இறங்கும்போது

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை விடாமல் பிடித்தால் லயத்துச் சுவரில் பூஞ்சணம் ஏறிவிடும். மூலையில் கிடக்கும் செருப்பையும் விடாது. அதன் வித்துகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சோடு இழுக்கிறோம். பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. நுரையீரலில் உள்ள வெள்ளையணுக்கள் அவற்றைத் தின்று தீர்த்துவிடும்.

அந்தக் காவல் தளர்ந்தவர்களுக்குத்தான் ஆபத்து. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பியவர், சிறுநீரகம் மாற்றியவர், ஸ்டீரொய்ட் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர், சீனி வருத்தம் கட்டுக்கு அடங்காதவர், எச்.ஐ.வி. முற்றியவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பவர். இவர்களிடம் இந்தப் பூஞ்சண வகை, அதாவது பங்கஸ், தோலோடு நிற்காமல் நுரையீரல், இரத்தம், மூளை வரை இறங்கக்கூடும். படர்தாமரை மாதிரி களிம்பு பூசி முடிகிற காரியம் இல்லை.

இந்தியாவில் 2021இல் கொரோனாவின் பின்னால் வந்த கருப்புப் பூஞ்சை நினைவிருக்கும். ஜூன் முடிவதற்குள் 40,000 பேருக்கு மேல் பிடித்தது. 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பிடித்தவர்களில் சுமார் 64 சதவீதத்தினருக்குச் சீனி வருத்தம், பாதிக்குமேல் ஸ்டீரொய்ட் எடுத்தவர்கள். நிலைமை கடுமையான கொரோனா நோயாளிக்கு ஸ்டீரொய்ட் உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் அது உடம்பின் எதிர்ப்பை அடக்கும், சீனியையும் ஏற்றும். ஏறிய சீனி இந்தப் பங்கஸுக்கு நல்ல தீனி.

நல்ல ஆரோக்கியமானவரையும் பங்கஸ் விடாத ஒரு வழி உண்டு. 2005இல் கொழும்பில், சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்ட ஐந்து பெண்களுக்கு அஸ்பெர்ஜிலஸ் பங்கஸால் மூளைக்காய்ச்சல் வந்தது. மூவர் இறந்தார்கள். ஈரம் பிடித்த களஞ்சியத்தில் இருந்த சிரிஞ்சுகள் மீதே சந்தேகம் விழுந்தது. உடம்பின் காவலைத் தாண்டி நேரே முதுகுத்தண்டுக்குள் போனால் யார் தாங்குவார்?

சிகிச்சையில் சிக்கல், பாக்டீரியாவைக் கொல்லும் அன்டிபயோட்டிக் பங்கஸை ஒன்றும் செய்யாது. பங்கஸின் உயிரணுவோ நம்முடையதற்கு நெருங்கிய சாயல் கொண்டது. அதைத் தாக்கும் மருந்து நம்மையும் தொடும். அதனால் மருந்து வகைகளே குறைவு. பழைய வலுவான மருந்தான அம்போடெரிசின் பி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. எந்தப் பங்கஸ் என்று தெரியவும் நாளெடுக்கும். சந்தேகமான மாதிரிகளைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்ப வேண்டிவரலாம்.

ஆகவே வீட்டில் இருப்பவர்கள்தான் முதலில் கண்டுகொள்ள வேண்டும். கீமோ எடுப்பவருக்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சீனிக்காரருக்கு முகத்தின் ஒரு பக்கம் வீங்கி வலித்தால், மூக்கில் கறுப்பாக வடிந்தால், பார்வை இரட்டித்தால் அன்றைக்கே போக வேண்டும். அன்டிபயோட்டிக் குடித்தும் இறங்காத காய்ச்சல், இருமலில் இரத்தம், எச்.ஐ.வி. உள்ளவருக்கு விடாத தலையிடி இவையும் அப்படித்தான். இத்தகையவர்கள் குப்பை உரம் கிளறுவதையும் பூஞ்சணச் சுவர் சுரண்டுவதையும் மற்றவரிடம் விட்டுவிடலாம். பார்மசியில் சொந்தமாக ஸ்டீரொய்ட் வாங்கக் கூடாது. டொக்டர் கொடுத்ததைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

போகும்போது கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும். இன்ன நோய், இன்ன மருந்து என்று வாய்திறந்து சொல்லுங்கள். காய்ச்சல் என்று வரும் கூட்டத்தில் உங்கள் ஆளை மட்டும் வேறாகப் பார்க்க, இரவு ட்யூட்டி டொக்டருக்கு அந்தத் தகவல் வேண்டும்.