ஏணி இருபுறமும் வேண்டும்!

வென்றவன் மேலே ஏறுவான். தோற்றவன் கீழே இறங்குவான். ஆடுகளத்தின் நீதி இதுதான். நம் நாட்டுக் கால்பந்தில் இந்த நீதி பட்ட பாட்டை, அயனம்பாக்கத்தில் பந்து உதைக்கும் இளைஞரும், அம்பத்தூர் ஆலைத் தோழர்களும் அறிய வேண்டும்.

2018-19 பருவம். கோவையில் ஆடிய சென்னை சிட்டி அணி 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று ஐ-லீக் கோப்பையை வென்றது. அதே பருவத்தில், இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்.சி. என்னும் அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளோடு கடைசியில் நின்றது. இரண்டும் தமிழகத்து அணிகளே. எதன்மீதும் நமக்குப் பகையில்லை. ஆனால் முதல்வன் ஏறவில்லை, கடையன் இறங்கவில்லை! ஏன்? 2014இல் பிறந்த சூப்பர் லீக்கில் இடம் தந்தது கோல் அல்ல, கட்டணம்! பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்கிய மண்ணில், பணப்பையால் உயர்வு தாழ்வா?

“கீழே விழும் அச்சமிருந்தால் முதல் போட யார் வருவார்?” என்கிறார்கள். அமெரிக்க முதலாளிகளின் வாதமும் இதுவே. அங்கே மேஜர் லீக்கில் நுழைய 2023இல் சான் டியேகோ அணிக்கு விதித்த விலை சுமார் 50 கோடி டாலர்! ஆயினும் அதே நாட்டில், யுனைடெட் சாக்கர் லீக்கின் உரிமையாளர்கள் ஏற்ற இறக்க முறைக்கு ஆதரவாக 2025 மார்ச்சில் வாக்களித்தனர்.

ஜப்பானைப் பாருங்கள். 1993இல் 10 அணிகளோடு பூட்டிய கதவாய்த் தொடங்கினர். 1999இல் இரண்டாம் பிரிவை அமைத்து கதவைத் திறந்தனர். முதல் ஓடிவிடவில்லை, லீக் மூன்று பிரிவுகளாய் வளர்ந்தது.

இங்கும் 2019 அக்டோபரில் வகுத்த திட்டப்படி, ஐ-லீக் வென்ற பஞ்சாப் அணி 2023இலும், முகமதன் ஸ்போர்ட்டிங் 2024இலும் மேலேறின. வரவேற்கிறோம். ஆனால் 2024-25 பருவம் வரை மேலிருந்து ஓர் அணியும் இறங்கியதில்லை. இது பாதி ஏணி!

இறங்கும் அணியின் ஆட்டக்காரர் பிழைப்பு என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. அவர்களும் கூலிக்கு உழைப்பவரே. அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் இறங்கிய கழகத்துக்குச் சில ஆண்டுகள் தொலைக்காட்சி வருவாயில் பங்கு தருகிறார்கள். இங்கும் தரட்டும், அந்தப் பங்கில் முதல் உரிமை ஆட்டக்காரர் சம்பளத்துக்கு என்று விதி எழுதட்டும்.

முடியுமா என்பதல்ல கேள்வி; மனம் உண்டா என்பதே கேள்வி. உழைத்து வென்றவனுக்கு இடம் கொடு. தோற்றவனுக்கு மீண்டும் ஏற வழி கொடு. நாம் கேட்பது சலுகையன்று, நீதி!